ஓடிப்போனவள் தெரு

விண்மீன் வெடிப்பதெல்லாம் புழுதிமேட்டில் நடக்கிற சமாச்சாரம் என்பதில் அமைதிநகர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. குழாயடிச் சண்டை எங்கே நடக்குமோ அங்கேதான் விண்மீனும் வெடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அது முழுப் பொய்யும் இல்லை. பால்வீதியின் சுருள் கைகளில், வாயுவும் தூசியும் மண்டிக் கிடக்கிற மேகங்களில்தான் பெரிய விண்மீன்கள் கும்பல் கும்பலாகப் பிறக்கின்றன. பெரிய உடம்பு, பெரிய பசி. உள்ளதையெல்லாம் அவசரமாகத் தின்று தீர்த்துவிட்டு, பிறந்த இடத்தை விட்டு நகரக்கூட நேரமில்லாமல் அங்கேயே வெடித்துச் சாகின்றன. அதனால்தான் அமைதிநகரைக் கட்டியவர்கள் இரண்டு சுருள் கைகளுக்கு நடுவே, தூசியும் கும்பலும் இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து, ஒரு சின்ன மஞ்சள் சூரியனைச் சுற்றி ஊரை மிதக்கவிட்டார்கள். விளம்பரத்தில் 'நல்ல சுற்றுப்புறம்' என்று போட்டார்கள். யாரிடமிருந்து தள்ளி என்பதைப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நல்ல சுற்றுப்புறத்தில் குடியிருக்கிறவர்களுக்கும் பாத்திரம் கழுவவும் குப்பை அள்ளவும் ஆள் வேண்டும். ஆகவே புழுதிமேட்டுக்கு ஒரு குறுக்குவழி போட்டார்கள். ஒளியே நூற்றுக்கணக்கான வருஷம் நடக்க வேண்டிய தூரத்தை ஒரு குட்டித் தூக்கத்துக்குள் கடந்துவிடுகிற வழி. மனித மூளை செய்து காட்டிய பெரிய அதிசயங்களில் ஒன்று அது. அமைதிநகரில் அதன் பெயர் வேலைக்காரர் வாசல். வெளியூர்களுக்கு முன்பு இருந்த வழிகளைப் பிறகு மூடிவிட்டார்கள், வேறு யாரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வாசலுக்கு உள்பக்கம் ஓர் உதறும் அறை உண்டு. காலையில் வருகிறவர்கள் அங்கே நின்று, நாலு பக்கமும் காற்றடித்து உடம்பிலுள்ள புழுதி போன பிறகுதான் ஊருக்குள் கால் வைக்கலாம். சாப்பாடு, வீட்டுக்காரர்கள் எல்லோரும் உண்டு முடித்த பிறகு, தனித் தட்டில், ஓரமாக நின்றுகொண்டு. குடியிருப்போர் சங்கத் தலைவர் சபாபதி தன் கைப்பட எழுதிய விதிகள் இவை. எழுதிவிட்டு, 'இதில் யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை' என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். பெருந்தன்மையான மனிதர்.

இந்த ஊரில்தான் கமலா விண்காப்பு அலுவலகத்தை நடத்தி வந்தாள். வெளியூர் ஆராய்ச்சிக்கூடமொன்றில் படிக்கும்போது, அமைதிநகரைச் சேர்ந்த ரகுநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். ரகுநாதன் இறந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் தாரிணி. தாரிணிக்கும் சபாபதியின் மகன் பிரணவுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேச்சு. கமலாவின் முழுப்பெயர் செங்கமலம் என்பதும், அவள் பிறந்து வளர்ந்தது புழுதிமேட்டில் என்பதும் ரகுநாதனோடு போய்விட்ட சங்கதிகள். தாரிணிக்குக்கூட அரசல்புரசலாகத்தான் தெரியும். உதறும் அறைப் பக்கம் கமலா போகவே மாட்டாள். போனால் யாராவது 'ஏ செங்கு' என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம்.

அமைதிநகருக்கு ஒரு குலவிளக்கு உண்டு. வெட்டவெளியில் தன்னந்தனியாக, குங்குமச் சிவப்பில் எரிகிற ஒரு விண்மீன். பெயர் தனிச்சுடர். கும்பலோடு சேராமல், யாரோடும் ஒட்டாமல் உயர்ந்து நிற்கிறது என்பதால் ஊர்க்காரர்களுக்கு அதில் தங்கள் முகமே தெரிந்தது. தினமும் மாலையில் சங்கக் கூடத்துக் கண்ணாடிச் சுவருக்கு முன் அதற்குக் கற்பூரம் காட்டுவார்கள். அது வயதான சின்ன விண்மீன், இன்னும் கோடிக்கணக்கான வருஷம் எரியும் என்று ஊரைக் கட்டியவர்கள் பட்டியலில் போட்டுவிட்டார்கள். எடையை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் யாரும் அளந்ததில்லை. நல்ல இடத்தில் இருப்பதை எதற்கு அளப்பது?

கமலாவுக்கு அந்த விண்மீனைப் பிறந்ததிலிருந்து தெரியும். புழுதிமேட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெரிய விண்மீன் உண்டு. அந்தத் தெருக்காரர்கள் முறை வைத்து அதைப் பார்த்துக்கொள்வார்கள். சாகப்போகிற அறிகுறி தெரிந்தால் ஊருக்குச் சேதி சொல்வது அவர்கள் பொறுப்பு. செத்த பிறகு ஊருக்கே சோறு போடுவதும் அவர்கள் பொறுப்பு. 'நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்பு அவங்க போட்ட பிச்சை' என்பார்கள். கமலாவின் தெருவுக்கு வாய்த்தது, எப்போதோ கூட்டத்தை விட்டு ஓடிய ஒரு விண்மீன். அதனாலேயே அதற்குப் பெயர் ஓடிப்போனவள் தெரு. மற்ற தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அமைதிநகருக்கு வந்த முதல் மாலையிலேயே, கற்பூரத் தட்டுக்குப் பின்னால் எரிந்த தனிச்சுடர் அந்த ஓடிப்போனவள்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நம் ஆயுளில் வெடிக்காது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அவளும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊரில் ஒரு பதுங்கறை கட்டலாமே என்று மட்டும் ஒருமுறை மென்று விழுங்கிக் கேட்டாள். பதுங்கறை இருந்தால் இதுவும் அந்த மாதிரி இடம் என்று பேர் வந்துவிடும் என்றார் சபாபதி. பேச்சு அதோடு முடிந்தது.

அவள் சாதித்தது ஒன்றுதான். சங்கக் கூடத்துக்கு அடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. விண்மீன்களின் வயிற்றிலிருந்து வருகிற நியூட்ரினோத் துகள்களை அது கண்டுபிடிக்கும். அதை நீச்சல்குளமாக மாற்றிவிடலாம் என்று வருஷா வருஷம் பொதுக்குழுவில் யாராவது எழுந்து சொல்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தத் தொட்டி கண் சிமிட்ட ஆரம்பித்தது. மதியத்துக்குள் சிமிட்டல் நிற்காத மினுமினுப்பாகிவிட்டது. அது வந்த திசையைக் கமலா பார்த்தாள், தனிச்சுடர் இருந்த பக்கம். இரண்டு தடவை சரிபார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்தது தைரியம் வருவதற்காக.

மாலை தீபாராதனை முடிந்து எல்லோர் கையிலும் சுண்டல் இருந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"தனிச்சுடர் செத்துப்போச்சு," என்றாள்.

"மேடம், விளக்கு வெச்ச நேரத்துல இந்தப் பேச்சு வேணாமே," என்றார் சபாபதி. "அதோ எரிஞ்சுட்டுதானே இருக்கு?"

"நாம பாக்கறது பழைய வெளிச்சம் சார். அது செத்து வருஷக்கணக்கு ஆச்சு. சேதிதான் இப்ப வந்துட்டிருக்கு. சாகறதுக்கு முந்தின சில நாள்ல அதோட வயிறு நியூட்ரினோவைக் கொட்டும். கீழ தொட்டியில இப்ப அதுதான் வருது. அதுக்குப் பின்னாடியே வெடிச்ச வெளிச்சம் வரும். நாலு நாள், மிஞ்சினா அஞ்சு நாள். அது பட்டா இந்த ஊர்ல எதுவும் மிஞ்சாது."

"வெடிக்கிற ஜாதி வேற மேடம். இது அது இல்லை."

"அதே ஜாதிதான் சார். புழுதிமேட்டு மேகத்துல பிறந்தது. ஜோடியா இருந்துச்சு. ஜோடி வெடிச்சப்ப, கவண்ல இருந்து விட்ட கல்லு மாதிரி தெறிச்சு ஓடிவந்துடுச்சு. அது ஓடற வேகத்தைப் பின்னால திருப்பிப் பார்த்தா நேரா அந்த மேகத்துலதான் போய் முட்டும்."

சாவு வருகிறது என்றபோது சுண்டல் மென்றுகொண்டிருந்தவர்கள், தங்கள் குலவிளக்கு புழுதிமேட்டில் பிறந்தது என்றதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். "இத்தனை வருஷம் அதுக்கா கற்பூரம் காட்டினோம்?" என்று ஓர் அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம்," என்றார் சபாபதி. "எங்க போறது?"

"இருக்கறது ஒரே வழி. புழுதிமேடு."

"அங்கதானே மேடம் நித்தம் வெடிக்குது."

"அதனாலதான் அவங்களுக்குப் பிழைக்கத் தெரியும். பாறையைக் குடைஞ்சு, மேல புழுதியை மலையா குவிச்சு, அதுக்குள்ள இருக்காங்க. சுத்தியும் தூசி மேகம். அங்க எத்தனையோ வெடிச்சிருக்கு, ஊரு இருக்கு. நம்ம நல்ல சுற்றுப்புறத்துல மறைப்புக்கு ஒரு துரும்பு கிடையாது."

"போனா உள்ள விட்டுடுவாங்களாக்கும்."

அவள் தாரிணியைப் பார்த்தாள். தாரிணி பிரணவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகளின் கல்யாணம் ஒரு பக்கம், இந்தக் கூடத்திலுள்ள அத்தனை உயிரும் ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்க்க வேண்டிய நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்தது தன் வாய்மூடித்தனம்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அங்க ஒரு வழக்கம் இருக்கு. உள்ள போறவங்க வாசல்ல நின்னு, அந்த ஊர்க்காரங்க ஒருத்தருக்குத் தான் என்ன முறைன்னு தன் வாயால சொல்லணும். அந்த ஊர்க்காரர் ஆமான்னு சொல்லணும். இருக்கிற காத்தும் இடமும் உறவுக்குத்தான். எல்லாரும் எனக்கு உறவுன்னு நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா?"

"செல்லும் சார். நான் அந்த ஊர்க்காரி. ஓடிப்போனவள் தெரு."

பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியை இம்மியளவு நகர்த்திக்கொண்டார். அதற்கு மேல் நகர்த்தினால் நாகரிகமாக இருக்காது.

அன்றைக்கு இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. தொட்டியில் கோளாறு இருக்கிறதா என்று ஆராயக் குழு அமைப்பது ஒன்று. அதுவரை கமலாவை வேலையிலிருந்து விலக்கி வைப்பது இன்னொன்று. மூன்றாவது தீர்மானத்தைச் சபாபதி மறுநாள் காலை நேரில் வந்து சொன்னார். பிரணவும் கூட வந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க மேல தனிப்பட்ட முறையில எந்த வருத்தமும் இல்லை மேடம். ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல. நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"பிரணவ், நீ என்ன சொல்ற?" என்று தாரிணி கேட்டாள்.

"அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு தாரு," என்றது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த குரல்.

மூன்று நாளில் சாம்பலாகப் போகிற மனிதர் அதற்குள் ஒரு சம்பந்தத்தை முறித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். தாரிணி கதவைச் சாத்திவிட்டு வந்து, "இந்த ஆளுங்களையா நீ காப்பாத்தப் போற?" என்றாள்.

"குழந்தைங்க இருக்கு தாரு."

"குழந்தைங்க சரி. இவரு?"

கமலா புழுதிமேட்டுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது அவள் அண்ணன் மாசிலாமணி. ஊர்வாசல் இப்போது அவன் பொறுப்பில் இருந்தது. அவர்கள் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"அண்ணே, நான் செங்கமலம்."

"எந்தச் செங்கமலம்?"

"ஓடிப்போனவ செத்துட்டாண்ணே."

"நீ பாத்தியா?" என்று குரல் மாறிக் கேட்டான்.

"நான்தான் பாத்தேன்."

"அப்ப முறைய ஒழுங்காத்தான் பாத்திருக்க. ஆத்தா சாவுக்குத்தான் வரல."

அவள் அழுதாள். அழுது முடித்ததும் அவன் கேட்டான்.

"எத்தன பேரு?"

"ஊரு மொத்தமும்."

"அம்புட்டுப் பேரும் உனக்கு உறவா? நல்லாத்தான் சம்பாதிச்சிருக்க. சரி, வரச் சொல்லு. வாசல்ல நின்னு அவங்க வாயால சொல்லணும், அத மட்டும் மாத்த முடியாது. நான் இங்க நம்ம சனத்தையும் நிறுத்திப்புடுறேன். நாளையிலேருந்து ஒருத்தரும் அங்கிட்டு வேலைக்கு வரமாட்டாங்க."

அறிவியலால் முடியாததை அந்தக் கடைசி வாக்கியம் முடித்து வைத்தது. சனிக்கிழமை காலை வேலைக்காரர் வாசலில் ஒரு ஈ காக்கா இல்லை. எட்டு மணிக்குக் காப்பி வரவில்லை. ஒன்பது மணிக்கு, கழுவாத பாத்திரங்களைச் சுற்றி நின்றுகொண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்தன. தொட்டியை ஆராய அமைத்த குழு, கூடத்தைப் பெருக்க ஆளில்லாததால் கூட்டமே போட முடியவில்லை. நியூட்ரினோவை நம்பாதவர்கள், வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் ஏதோ விபரீதம் என்பதை உடனே நம்பினார்கள். மதியத்துக்குள் ஊர் முழுவதும் பெட்டி படுக்கையோடு, தங்கள் வாழ்நாளில் முதல்முறையாக உதறும் அறைக்கு முன்னால் வரிசையில் நின்றது. அறைக்குள் காற்று தானாகவே அடித்தது. அதை நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

புழுதிமேட்டு வாசலில் மாசிலாமணி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கமலாவும் தாரிணியும். அவன் ஒவ்வொருவரையும் ஒரே கேள்விதான் கேட்டான். "செங்கமலத்துக்கு என்ன முறை?"

அமைதிநகர்க்காரர்கள் உறவைத் தேடிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சித்தப்பா முறை," என்றார். கற்பூரம் பட்ட கையைத் துடைத்துக்கொண்ட அம்மாள் "நாத்தனார்" என்றாள். நாற்காலியை நகர்த்தியவர் உடன்பிறந்த தம்பியாகிவிட்டார். குழந்தைகள்தான் தயங்காமல் "அத்தை", "பெரியம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு உள்ளே ஓடின. எல்லோருக்கும் கமலா "ஆமா" என்றாள். சொல்லச் சொல்ல அந்த வார்த்தை அவள் வாயில் கரகரத்தது.

சபாபதி வந்தார். பின்னால் பிரணவ்.

"செங்கமலத்துக்கு என்ன முறை?"

அவர் கமலாவைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார். "சம்பந்தி."

கமலா வாயைத் திறப்பதற்குள், "இல்லை," என்றாள் தாரிணி.

வரிசை அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமை நீங்கதானே வந்து முறிச்சீங்க அங்கிள்? அப்புறம் என்ன சம்பந்தி?"

"தாரு, இது சமயமில்லை," என்றான் பிரணவ்.

"உன்னை யாரும் கேக்கல."

சபாபதியின் முகம் வெளிறியது. வேறு ஏதாவது முறை கிடைக்குமா என்று அவர் தேடியது கண்ணில் தெரிந்தது. மற்றவர்களைப் போல ஒரு மாமா முறையோ மச்சான் முறையோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. உறவு என்பது ஆராய்ந்து, பொருத்தம் பார்த்து, அதன் பிறகு ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்றே அறுபது வருஷம் வாழ்ந்துவிட்டார்.

"அப்ப இவுக யாரு?" என்று மாசிலாமணி மருமகளைக் கேட்டான்.

தாரிணி கொஞ்சம் யோசித்தாள். "வேலைக்கு வந்திருக்காரு மாமா. கூட அவர் பையனும்," என்றாள்.

சபாபதி மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"வேலைக்கு வர்றவுகள முறை கேக்கறதில்ல, வரட்டும். புதுசா இம்புட்டுச் சனம் வந்திருக்கு, குகை வெட்டணும், மேல புழுதி கொட்டணும், ஆளு வேணும்தான்," என்று மாசிலாமணி வழிவிட்டான். உள்ளே போன சபாபதி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உதறுற ரூம் எங்கங்க?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணு இங்க இல்லீங்க. புழுதிய ஏன் உதறணும்? அதானே காப்பாத்துது."

திங்கள்கிழமை குறுக்குவழியின் மறுமுனை அணைந்துபோனது. அமைதிநகர் இருந்த இடத்திலிருந்து பிறகு ஒரு சமிக்ஞையும் வரவில்லை. தனிச்சுடர் வெடித்த வெளிச்சம் புழுதிமேட்டுக்கு வந்துசேர இன்னும் பல நூறு வருஷம் ஆகும். ஆனாலும் சேதி கிடைத்தால் சோறு போட வேண்டும் என்பது வழக்கம். ஓடிப்போனவள் தெரு அடுப்பு மூட்டியது. முறை பார்த்துச் சேதி சொன்னவள் என்பதால் முதல் பிடி சோற்றைக் கமலா கையால் எடுத்து வைக்கச் சொன்னார்கள். வைக்கும்போது, ஆத்தாவுக்கு வைக்காததையும் சேர்த்து அவள் வைத்தாள்.

குகையின் நீளத்துக்கும் பாய் விரித்து, ஊரும் வந்தவர்களும் கலந்து உட்கார்ந்தார்கள். புழுதிமேட்டுக்காரர்களுக்கு நடுவே உட்கார நேர்ந்ததில் நீதிபதிக்கு முதல் கவளம்வரைதான் சங்கடம் இருந்தது. பசி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பரிமாறிக்கொண்டே வந்த கமலா, ஒரு பாய் காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

சபாபதி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் மண்வெட்டி பிடித்ததில் உள்ளங்கை கொப்புளித்து, தலைமுடி வரை புழுதி. கையில் எங்கிருந்தோ தேடி எடுத்த ஒரு தனித் தட்டு. பக்கத்தில் பிரணவ், அவன் கையிலும் ஒன்று.

"அந்த ரெண்டு பேரும் ஏன் அங்கன நிக்காக?" என்று மாசிலாமணி குழம்பிப்போய்க் கேட்டான். "கோவமா? பாய்லதான் இடங் கெடக்கே. உக்காரச் சொல்லு புள்ள."

கமலா கிட்டே போய், "உக்காருங்க சார்," என்றாள்.

"பரவாயில்லை மேடம்," என்றார் சபாபதி பணிவாக. "எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்."